விலகும் மணி, ஒட்டும் மணி

செப்டம்பர் 24, புதன்

வா டைரியே, நல்லா இருக்கியா? தொட்டு ரொம்ப நாளாச்சு, கோவிச்சுக்காத. பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காத மலைச்சாமிதான் எழுதுகிறேன். அறிவொளி வகுப்பில் கற்ற எழுத்து, மெதுவாகத்தான் வரும்.

வயலைத் தம்பி கண்ணுச்சாமியிடம் விட்டுவிட்டு ஆனையூரில் மகள் பாண்டிச்செல்வியின் வாடகை வீட்டில் இருக்கிறோம். காலேஜில் ஆராய்ச்சி செய்கிறாள். தீபாவளிக்குள் அளந்து முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு மிஷின் வேறு ஆட்களுக்குப் போய்விடும், பட்டமும் தள்ளிப்போகும். பிள்ளை சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாள் என்று என் சம்சாரம் சுந்தரம்மாள் என்னையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அளப்பது என்ன? எண்ணெயும் தண்ணீரும் தொடுகிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத மணிகளை விடுகிறாள். ஒன்றை ஒன்று எவ்வளவு தள்ளுகிறது, எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கிறாள். மணியைப் பிடித்து நகர்த்துவது வெறும் வெளிச்சமாம். வெளிச்சத்துக்குக் கை இருப்பதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

செப்டம்பர் 26

ரசத்தில் கடுகு கூட்டம் கூட்டமாக ஒதுங்கி நின்றது. "ஏத்தா, கடுகெல்லாம் ஒண்ணு சேருது, உன் மணி மட்டும் ஏன் தள்ளி நிக்கிது?" என்றேன்.

"கடுகு கனம்ப்பா, தண்ணிய அமுக்கும். அந்தப் பள்ளத்துல ஒண்ணப் பாத்து ஒண்ணு சறுக்கும். என் மணிக்குக் கனமே இல்ல. ரெண்டு மேலயும் ஒரே கரண்டு, அதான் தள்ளுது."

ரசம் என்றதும் எங்கள் ஊர் சுருளியின் கல்யாணம் நினைவுக்கு வருகிறது. பந்தியில் ரசம் வந்தபோது மாப்பிள்ளையைக் காணோம். அது பெரிய கதை. தூக்கம் வருகிறது.

அக்டோபர் 1

லேபில் ஆயுத பூஜை. பேராசிரியர் ஹாலாஸ்யம் சார் எல்லாக் குடும்பத்தையும் அழைத்திருந்தார். பொரி, சுண்டல். பாண்டிச்செல்வி பூ வாங்கப் போயிருந்தாள். அலமாரியில் கண்ணாடிக் கிண்ணங்களைப் பார்த்துவிட்டு சுந்தரம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"கழுவாத கிண்ணத்துக்கா பொட்டு வைக்கிறது? ஊர் சிரிக்கும்."

வீட்டிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த எலுமிச்சை சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். நான் துண்டால் துடைத்தேன். பளபளவென்று இருந்தது. வரிசையாகச் சந்தனம் வைத்தோம்.

அக்டோபர் 4

பிள்ளை சாப்பிடவில்லை. சந்தனத்தைத் துடைத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தாளாம். ஆனாலும் மணிகள் தள்ளவே இல்லை. பிரித்து வைத்தால் ஓடிவந்து ஒட்டிக்கொள்கின்றன. எவன் கண்ணு பட்டுச்சோ! இம்புட்டு நாள் நல்லாத்தான இருந்துச்சு?

அக்டோபர் 5

புது மணி, புது எண்ணெய். அப்படியும் ஒட்டுகிறது.

அக்டோபர் 7

தண்ணீர் குடிக்க டம்ளரை வாயருகே கொண்டுபோன பாண்டிச்செல்வி அப்படியே நின்றாள். டம்ளரில் எலுமிச்சை சோப்பு வாசனை.

"அம்மா, அன்னைக்கி லேப்ல எதையும் கழுவுனியா?"

"எதையுமா? எல்லாத்தையும்! கை செவக்கத் தேச்சேன்."

பிள்ளை தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அய்யோ அம்மா! சோப்புப் பட்டா தள்ளுற வேகம் போயிரும். அங்க கழுவுற மொறையே வேற."

"சுத்தம் பண்ணுனது குத்தமா? வாங்க, நாம ஊருக்குப் போவோம்!"

தாய் அடுப்படியில், மகள் மாடிப்படியில். நடுவில் நான். மிஷின் இல்லாமலே அளந்துவிடலாம் போல.

அக்டோபர் 10

லேப் முறைப்படி கழுவி ஊறவைத்து அலசியதும் மணிகள் மறுபடி தள்ளுகின்றன! கோரிப்பாளையம் போய் ஆட்டுக்கால் வாங்கி வந்தேன். சுந்தரம்மாள் சமைத்துவிட்டு அடுப்படியிலேயே இருந்துகொண்டாள். மகள் தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்ச் சாப்பிட்டாள்.

அக்டோபர் 11

ஹாலாஸ்யம் சார் கேட்டாராம்: "ஒட்டினதை ஏம்மா தூக்கிப் போடற? எவ்வளவு சோப்புன்னு தெரிஞ்சா அதுவும் அளவுதானே?"

சாயங்காலம் பிள்ளை வந்ததும் நேரே அடுப்படிக்குப் போனாள். "அம்மா, அந்தச் சோப்ப எனக்குக் குடு."

"அன்னைக்கி வெசம், இன்னைக்கி மருந்தோ?"

"சோப்பு மட்டுமில்ல, நீயும் வா."

இவள் உடனே முகம் கழுவப் போனாள். அதற்கும் அதே சோப்பு.

அக்டோபர் 17

அளந்து முடிந்தது! சுத்தத் தண்ணீரில் தள்ளுவது ஒரு கோடு. லேபில் இருக்கிற சோப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால் தள்ளுவது குறைந்து ஒட்டுவது இன்னொரு கோடு. சுந்தரம்மாள் சோப்பையும் ஒருமுறை போட்டுப் பார்த்தார்கள். திரையில் இரண்டு மணியும் நெருங்கியபோது இவள் கத்தியதை டைரியே, நீ கேட்டிருக்க வேண்டும்: "ஏய் வருது, வருது, வந்துருச்சுடி!" சார் சிரித்துவிட்டார். மிஷின் தீபாவளி முடிந்ததும் கைமாறுகிறது, இனி போனால் போகட்டும். பட்டத்துக்கு எழுத வேண்டியதுதான் பாக்கி.

இப்போது தாயும் மகளும் அடுப்படியில் ஒரே சிரிப்பு. பாத்திரத்தை இவள் ஏழெட்டுத் தடவை அலசுகிறாள். தண்ணீர்த் தொட்டி காலியாகப் போகிறது. நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறேன், சுருளி கதையைச் சொல்லிவிடுகிறேன். பந்தியில் ரசம் வந்தபோது அவன் எங்கே இருந்தான் என்றால்,

"ஏங்க! இங்க வந்து இந்த டம்ளர மோந்து பாருங்க, சோப்பு வாசமே இல்லைன்னா உங்க மக நம்ப மாட்டேங்குறா!"

வாரேன், வாரேன். அவன் பந்தலுக்குப் பின்னால், மாமனாரோட...