சுத்தமாகக் கூட்டிய தெரு

பதுளை,
25.05.1979

அன்பின் சரவணமுத்து தம்பிக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் வீட்டுச் சுகத்தை அறிய ஆவல். கொழும்புக் கந்தோருக்கு மாற்றலாகிப் போனதும், என் துணிக்கடை மாடியில் குடியிருந்ததையே மறந்துவிட்டீர்கள் என்று என் வீட்டுக்காரி ஸவாஹிரா குறைப்படுகிறாள். நான் உங்கள் பக்கம்தான் பேசினேன். நம்பினால் நம்புங்கள்.

போன வெள்ளிக்கிழமை உங்கள் நகரத் திட்டமிடல் திணைக்களத்து ஆள் ஒருவர் வந்து, நம் தெருவில் எத்தனை பேர் நடமாடுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு போனாராம். பதுளை நகரத்தைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். வியாபாரம் உள்ள தெருவை அப்படியே விடுவார்களாம், படுத்துப்போன தெருவை இடித்து பஸ் நிலையம் கட்டுவார்களாம். நல்லது, கட்டட்டும். ஆனால் அந்த மனிதர் வந்த நேரத்தைக் கேளுங்கள். நாங்கள் எல்லோரும் கடைப் பலகையைப் போட்டுவிட்டு ஜும்ஆத் தொழுகையில் இருந்தோம். தெருவில் இருந்தது என் வாசலில் லீக்ஸ் மரக்கறி விற்கிற வீரய்யாவும் ஒரு நாயும்தான். நாயை எண்ணினாரோ என்னவோ தெரியாது.

சிரித்துக்கொண்டு எழுதினாலும் இது விளையாட்டில்லை தம்பி. இந்தக் கடையைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. நீங்கள் அந்தக் கந்தோரில் இருக்கும்போது நான் வேறு யாரிடம் போவேன்?

குணமணி தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உங்கள் நானா,
ஜுனைதீன்


கொழும்பு,
20.06.1979

அன்புள்ள ஜுனைதீன் நானாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஸவாஹிரா ராத்தாவிடம் திட்டு வாங்கியதில் குணமணிக்குத்தான் பெரிய சந்தோஷம்.

நான் கந்தோரில் திட்டப் படம் கீறுகிற ஆள். முடிவு எடுக்கிறவர்கள் மேல் மாடியில் இருக்கிறார்கள். இருந்தாலும் வெட்கத்தை விட்டு எங்கள் பொறுப்பதிகாரியிடம் போய், வெள்ளிக்கிழமை மத்தியானம் முஸ்லிம் கடைகள் பூட்டியிருக்கும் என்று சொன்னேன். மனிதர் யோசித்துவிட்டு, இன்னொரு முறை எண்ணலாம், தானே வருவதாகச் சொன்னார். தேயிலைத் தோட்டங்களில் சம்பளம் போட்ட பிறகு வருகிற ஞாயிறாக இருந்தால் நல்லது என்றேன். அதற்கும் சம்மதித்தார். ஜூலை 15, காலையில் வருவார்.

நல்ல மனிதர், ஆனால் முன்கோபி. அவர் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் நான் ஒன்றும் எழுதக்கூடாது. அந்தத் தெருக் கடைக்காரருக்கே யோசனை சொன்னேன் என்று வந்தால் என் உத்தியோகம் போய்விடும். சம்பள ஞாயிறு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவர் தன் கண்ணால் பார்க்கட்டும்.

அன்புடன்,
சரவணமுத்து


பதுளை,
17.07.1979

அன்பின் தம்பிக்கு,

நீங்கள் செய்த உதவியை இந்தத் தெரு மறக்காது. உங்கள் அதிகாரி வந்தார், பார்த்தார், சந்தோஷமாகப் போனார்.

நீங்கள் எழுதியதைக் கடைக்காரர் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். சனிக்கிழமையே தெருவைக் கூட்டிக் கழுவினோம். வாசலில் தொங்குகிற கம்பளியும் வாளியும் எல்லாம் உள்ளே போயின. வீரய்யாவையும் மற்ற நடைபாதை வியாபாரிகளையும் ஒரு நாளைக்கு மட்டும் ஆற்றங்கரைப் பக்கம் போகச் சொன்னோம். இரண்டு முனையிலும் கயிறு கட்டி வண்ணக் கொடி போட்டோம். தோட்டத்து ஜனங்கள் பஸ்ஸில் வந்து இறங்குகிற இடத்தில் ஆள் நிறுத்தி, மத்தியானத்துக்குப் பிறகு வாருங்கள் என்று சொல்ல வைத்தேன். அது என் யோசனைதான். சம்பள ஞாயிறு நெரிசல் உங்களுக்குத் தெரியும். மனிதருடைய வெள்ளைக் கால்சட்டையில் வெற்றிலைச் சாறு பட்டால் என்ன ஆவது?

ஒரு தோளில்கூட இடிபடாமல் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தார் தம்பி. என் கடையில் உட்கார்ந்து வட்டிலப்பம் சாப்பிட்டார். ஸவாஹிராவின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தார். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்கு இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

உங்கள் நானா,
ஜுனைதீன்


கொழும்பு,
06.08.1979

அன்புள்ள நானாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். குணமணியிடம்கூட உடனே சொல்லவில்லை. பதில் எழுதவும் இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

இரண்டாவது கணக்கு முதல் கணக்கையும்விட மோசம். அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "அருமையான மனிதர்கள், சரவணமுத்து. பாவம், கடைகளில்தான் ஈ காக்கை இல்லை" என்றார். நான் உங்கள் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். கயிற்றைப் பற்றியும் சொன்னேன். கண்ணால் பார்த்ததைத்தான் தன்னால் எழுத முடியும் என்றார். மூன்றாம் முறை எண்ணச் சொல்லி எந்த முகத்தோடு கேட்பேன்?

தெரு போகிறது நானா. படம் என் மேசைக்கே வந்தது. உங்கள் கடை இருக்கிற இடத்தில் பஸ்கள் நிற்கிற கோடுகளை நானே கீறினேன். வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. புதுக் கடைத்தொகுதியில் இடம் எடுக்க டெண்டர் போடலாம். பத்திரத்தை நானே நிரப்பித் தருகிறேன்.

ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஏன் நானா அந்த ஜனங்களைத் தடுத்தீர்கள்?

வருத்தத்துடன்,
சரவணமுத்து


பதுளை,
02.09.1979

சரவணமுத்து அவர்களுக்கு,

நோன்புப் பெருநாளைக்கு முதல் நாள் கடைப் பலகையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். வருட முடிவுக்குள் காலி செய்ய வேண்டும்.

அந்த ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகும் யாரும் வரவில்லை என்பதை உங்களுக்கு எழுதாமல் விட்டேன். வீரய்யாவிடம் கேட்டேன். "மந்திரி யாரோ வர்றாருன்னு நெனச்சோம் மொதலாளி. கவுறு கட்டியிருந்தா நாங்க எப்படிங்க தாண்டுறது?" என்றார். வேறு தெருவில் சாமான் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார்களாம்.

ஏன் தடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் அடுப்புச் சாம்பலையா பரப்பி வைப்போம்? பெரிய மனிதர் வருகிறார் என்றால் நாங்கள் செய்கிற மரியாதை அதுதான். அந்த நெரிசலையும் வெற்றிலைச் சாற்றையும்தான் எண்ண வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பெரியவரே வருகிறார் என்றால் எண்ணுவது சும்மா பேச்சு, அவர் மனம் கோணாமல் இருந்தால் போதும் என்றுதான் நான் நினைத்தேன். ஒன்றையும் கூட்டாதீர்கள், அப்படியே விடுங்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். உத்தியோகம், பிள்ளைகள் எல்லாம் எனக்கும் விளங்குகிறது. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

டெண்டர் பத்திரம் அனுப்ப வேண்டாம். அந்தக் கட்டடத்தில் இடம் எடுக்க என்னால் ஏலாது. மொனராகலையில் மகள் ஜெமீலா வீட்டுக்குப் போகிறோம். மருமகனுடைய கடையில் எனக்கும் உட்கார ஒரு கதிரை போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை என்று எழுதத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன். நோன்பு பிடித்து முடித்தவன் யார் மேலும் மனதில் எதையும் வைத்திருக்கக் கூடாது. விடிந்ததிலிருந்து உட்கார்ந்து பார்த்துவிட்டேன். அதை மட்டும் எழுதக் கை வருகுதில்லை தம்பி.

ஜுனைதீன்