கறுப்பு ஸ்க்ரூ

அன்பு மனைவிக்கு,

நான் நலம். நீயும் பிள்ளைகளும் சுகமா? அம்மாவின் மூட்டுவலி குறைந்ததா?

போன வாரம் நாங்கள் கட்டும் மரவீட்டில் ஓர் உத்திரம் இறங்கிவிட்டது. எனக்கு ஒரு கீறலும் இல்லை, பயப்படாதே. என் அறையில் தங்கியிருந்த தச்சர் அண்ணன்தான் பிழைக்கவில்லை.

அந்த உத்திரத்தைப் பொருத்தும்போது ஆணி தீர்ந்துபோனதால், சுவரில் அட்டைப்பலகை பொருத்தும் மெல்லிய கறுப்பு ஸ்க்ரூவை அவருக்கு எடுத்துக் கொடுத்தவன் நான். "இது தாங்குமாப்பா?" என்றார். "தாங்கும், முடுக்குங்கண்ணே" என்றேன். பாரம் ஏறியதும் அத்தனையும் முறிந்தன. தடித்த ஆணியென்றால் வளைந்தாவது எச்சரித்திருக்கும். அவருடைய காலிக் கட்டிலிலிருந்து அதே கேள்வி இன்னும் எனக்குக் கேட்கிறது.

நம் வீட்டுப் பரணிலும் நான் அந்த ஸ்க்ரூவைத்தான் போட்டேன். ஆள் வைத்து மாற்று. மாற்றியதும் ஒரு வரி எழுது. வேலைக்கு வண்டி வந்துவிட்டது. இந்தக் கடிதத்தை மடிப்பதற்கு முன்பே, பரணுக்குக் கீழிருக்கும் பிள்ளைகளின் கட்டிலை நகர்த்திவிடு.