ஒருத்தி அவுட்டானால் மற்றவள்

இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் விரல்களில் சுண்ணாம்புப் பொடியின் வாசனை போகவில்லை. நேற்று காலை கலசப்பாக்கம் மைதானத்தில் எல்லைக்கோடு போட ஆள் வரவில்லை. வாளியை வாங்கிக்கொண்டு நானே போட்டேன். பனியில் நனைந்த மண்ணில் பொடி விழுந்ததும் எழுந்த மணத்தில், "கோணலா போவுது பாரு" என்று நீ பின்னாலிருந்து சொல்வதாக நினைத்துத் திரும்பியே விட்டேன். கோடு கோணலாகத்தான் போயிருந்தது.

உனக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. எடுத்ததுமே சொன்னால், "ஸ்கோர மட்டும் சொல்றவங்கள எனக்குப் பிடிக்காது, மேட்ச முழுசா சொல்லுடி" என்பாய். அதனால் முதலிலிருந்தே வருகிறேன்.

இந்த மலைப்பள்ளிக்கு நாம் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தோம். வாணியம்பாடியிலிருந்து கணக்கு டீச்சராக நீ, கண்ணமங்கலத்திலிருந்து தமிழ் டீச்சராக நான். விடுதியை ஒட்டிய ஓர் அறையில் இரண்டு கட்டில்கள். என் பெட்டி நிறையப் புத்தகம். உன் பெட்டியில், அண்ணன்களிடமிருந்து பிடுங்கிவந்த ஒரு பேட்டும் ஸ்டம்புகளும். மொட்டை மாடியில் அவர்களுக்குப் பந்து பொறுக்கிப் போட்டே ஆட்டம் கற்றவள் நீ. நானோ வீட்டில் மேட்ச் ஓடினால் புத்தகத்தோடு வேறு அறைக்குப் போகிறவள். எனக்கு எல்பிடபிள்யூ விளக்க ஒரு மாதம் போராடினாய். "இவ்ளோ தடியான கதையெல்லாம் படிக்கிற, கால் குறுக்க வந்தது மட்டும் உனக்குப் புரியல" என்று கடைசியில் கைவிட்டாய்.

பெண் பிள்ளைகளுக்கு டீம் சேர்த்தது உன் பிடிவாதம். பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். ஆனால் மலைக்குக் கீழே போட்டிக்குக் கூட்டிப்போக அம்மாக்கள் சம்மதிக்க வேண்டும். பலா மரத்தடியில் கூடிய அவர்களுக்கு கிரிக்கெட் என்பது கடை டிவியில் விளம்பரங்களுக்கு நடுவே வந்துபோகும் ஏதோ ஒன்று. நீ குச்சியால் தரையில் கட்டம் கிழித்தாய்.

"ஒரு புள்ளய சுத்தி எதுக்கு இத்தினி பேரு நிக்கறாங்க?"

"அது அடிக்கற பந்தப் புடிக்கங்க."

"ரெண்டு பேரு இங்கயும் அங்கயும் ஓடுதுங்களே, எங்க போவுதுங்க?"

"எங்கயும் போவலங்க. ஓடினா ரன்னு."

"எங்கயும் போவாததுக்கு இன்னாத்துக்கு ஓட்டம்?"

அப்படிக் கேட்டவர் கன்னியம்மா. எல்லோரும் சிரித்தார்கள், நீயும்தான். அவருடைய மகள் கஸ்தூரி அப்போது எட்டாம் வகுப்பு. அவளைப்போல் பந்தைப் பார்த்து அடிக்க டீமில் ஆளில்லை. கன்னியம்மா தலையசைத்தால் மற்றவர்களும் அசைப்பார்கள். "சரி, ஒரு தபா போய்ட்டு வரட்டும்" என்றார்.

அந்த ஒரு தபாவை நீ மறந்திருக்க மாட்டாய். நான்காவது பந்திலேயே ஒருத்தி போல்டானாள். அவள் திரும்பி நடக்க, எதிர்முனையில் நின்ற கஸ்தூரியும் பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூடவே வந்துவிட்டாள். "நீ நில்லுடி, நீ அவுட் இல்ல" என்று கோட்டருகே நின்று கத்தினாய். "அவ போறாளே டீச்சர்" என்றாள் கஸ்தூரி. அடுத்துப் போன ஜோடியும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. அம்பயர் ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வெளியே போனவர் போனவர்தான் என்று முடிவு செய்தார். விழுந்தது ஐந்து விக்கெட். திரும்பியது பத்துப் பேர். பதினோராவது பெண் தன்னோடு ஆட ஆளில்லாமல் பேட்டைப் பிடித்தபடி நின்றாள். மைதானமே சிரித்தது.

மலையேறும் பஸ்ஸில் பாதி வழியில்தான் நமக்கு உறைத்தது. விறகுக்கோ புளிக்கோ, இருவராகக் காட்டுக்குள் போனால் இருவராகவே திரும்ப வேண்டும். கூட வந்தவளை விட்டுவிட்டு வருவதைப்போல் ஒரு கேவலம் இந்த மலையில் இல்லை. நமக்கும் அது தெரியும். பேட்டோடு இருவர் உள்ளே போவதையும் பிள்ளைகள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று மட்டும் நமக்குத் தோன்றவில்லை.

தோற்றதைப் பற்றி அம்மாக்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. "எம் பொண்ணு சரியாத்தான் செஞ்சுது" என்றார் கன்னியம்மா. "கூட வந்தவ போவும்போது இவ நின்னு ஆடினாதான் தப்பு. அத கத்துக்குடுக்கற ஆட்டம் எங்களுக்கு வேணாம் டீச்சர்."

அன்று நீ வெளுத்துப்போனாய். ஓவர் என்றாய், மீதி விக்கெட் என்றாய், விரல்விட்டுக் கணக்குச் சொன்னாய். ஒருவரும் அசையவில்லை. டீம் அத்தோடு முடிந்ததென்று எனக்கே தெரிந்தது. நீ என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு" என்றாய். காலை வழிபாட்டில் பேசச் சொன்னாலே நடுங்குகிறவள் நான். எழுந்து நிற்காமல், உட்கார்ந்தபடியே கேட்டேன்.

"தேன் எடுக்க ஒருத்தர் பாறைல தொங்கறப்போ, மேல கயிறு புடிக்கறவருக்குக் கை ஓஞ்சுட்டா இன்னா செய்வீங்க?"

"வேற ஆளு வந்து புடிப்பான்."

"தொங்கறவரும் கூடவே ஏறி வந்துடுவாரா?"

"அதெப்டி? தேனடை பாதி இன்னும் பாறைல இருக்குதே."

"நின்னு ஆடற பொண்ணு தொங்கறவங்க மாதிரி. அவுட்டானவளுக்குக் கை ஓஞ்சு போச்சு. அடுத்தவ கயித்த வாங்கிக்க வர்றா. அவ்ளோதாங்க."

பிறகு கன்னியம்மா கேட்டார்: "சரி. கை ஓஞ்சவ அத்தினி தூரம் தனியாவா வருவா? எல்லாரும் பாத்துனு இருக்கும்போது?"

"இல்லக்கா, கோடு வரைக்கும் நான் போய்க் கூட்டியாறேன்" என்றாய் நீ. "ஒவ்வொருத்தியையும்."

சொன்னபடி செய்தாய். யார் அவுட்டானாலும் கோட்டில் போய் நின்று, தோளில் கைபோட்டு அழைத்துவந்தாய். அடுத்த இரண்டு வருடத்தில் நாம் ஜெயித்ததே இல்லை, அதனால் நிறைய நடந்தாய். வேலூரில் வைத்தியம் தொடங்கி, முடி கொட்டி, துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்த நாட்களிலும் நாற்காலியில் உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. "சீக்கிரம் சீக்கிரம் அவுட்டாவாதீங்கடி, என்னால நடக்க முடியல" என்று பிள்ளைகளைச் சிரிக்கவைத்தாய்.

வாணியம்பாடியில் உன்னைத் தூக்கிப்போனபோது பெண்கள் வாசலோடு நின்றுவிட்டோம். தெருமுனை வரைகூட உன்னோடு என்னால் வர முடியவில்லை. மலைக்குத் திரும்பியதும் இடமாறுதல் கேட்டு விண்ணப்பம் எழுதினேன். புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கினேன். கன்னியம்மா அறைக்கு வந்தார். உன் கட்டிலைப் பார்த்தார், என் பெட்டியைப் பார்த்தார். "கயிறு புடிக்க நான் வர்றேன் டீச்சர்" என்றார். அந்தச் சனிக்கிழமை பயிற்சிக்கு எல்லா அம்மாக்களும் வந்திருந்தார்கள். விண்ணப்பத்தை நான் அனுப்பவில்லை.

நேற்று இறுதி ஆட்டம். இறுதி ஆட்டம் வரை போனோம் என்பதை நீ நம்ப வேண்டும். எதிரணி அறுபத்திரண்டு எடுத்தது. நம் பிள்ளைகள் ஏழு விக்கெட் இழந்தார்கள். ஏழு முறையும் நான் கோடு வரை நடந்தேன். கஸ்தூரி மட்டும் தொடக்கத்திலிருந்து நின்றாள். இப்போது பதினொன்றாம் வகுப்பு, உன் அண்ணன்களின் அதே பேட். வேர்க்கடலை விற்கும் பெண் ஒருத்தி கூடையை இறக்கிவைத்து, "இன்னாமா நடக்குது?" என்று கன்னியம்மாவைக் கேட்டாள்.

"அதோ நிக்குதே, எம் பொண்ணு. அது தொங்கினு இருக்குது. மத்ததுங்க வந்து கயிறு புடிக்குதுங்க."

"கயிறு எங்கம்மா?"

"கண்ணுக்குத் தெரியாது. பந்து அந்தக் குச்சில பட்டா அறுந்துடும். பேசாம பாரு."

நீ ஒரு வருடம் முயன்று சொன்னதை அவர் ஒரு பொட்டலம் கடலை தின்னும் நேரத்தில் சொல்லி முடித்தார். அந்தப் பெண் விற்பதை விட்டுவிட்டுப் பார்க்கத் தொடங்கினாள்.

கடைசி ஓவர். மூன்று ரன் வேண்டும். இரண்டு பந்து சும்மா போயின. மூன்றாவதை கஸ்தூரி ஒரு எட்டு முன்னால் வந்து அடித்தாள். பந்து ஆட்களுக்கு நடுவே உருண்டு, நான் கோணலாகப் போட்ட கோட்டைத் தாண்டியது.

ஜெயித்துவிட்டோம்.

அம்மாக்கள் எழுந்துவிட்டார்கள். கன்னியம்மா மட்டும் உட்கார்ந்தபடி மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கஸ்தூரியும் எதிர்முனைப் பெண்ணும் ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு வந்துகொண்டிருந்தார்கள்.

"டீச்சர், ரெண்டும் சேந்தே வருதுங்க."

"ஆமாங்க. ஜெயிச்சா சேந்தேதான் வரணும்."

"இத அந்த டீச்சரு சொல்லவே இல்லியே."

உண்மைதான். கிரிக்கெட்டில் உள்ள எல்லாவற்றையும் எங்களுக்கு விளக்கினாய். இந்த ஒன்றைக் காட்ட உனக்கு ஒரு வெற்றிகூட வாய்க்கவில்லை. அதனால் உனக்காக அதை நான் சொன்னேன், அத்தனை பேருக்கும் கேட்கும்படி, நின்றுகொண்டு. குரல் நடுங்கவில்லை.

என்னோடு இருப்பது உன் நடை. நேற்றும் என் கால்கள் பழக்கத்தில் கோட்டுக்குப் போய்விட்டன. அழைத்துவர யாரும் இல்லை. இருவரும் என்னைத் தாண்டி அம்மாக்களை நோக்கி ஓடினார்கள். நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.