மொம்பாசா நோட்டின் கடைசிப் பக்கம்

என் ஆசை அண்ணா,

ஆசை என்று உனக்கு எழுதி எவ்வளவு நாளாயிற்று! இரண்டு வருஷமாக உன் பேச்சை எடுத்தாலே ‘அந்த ஆள்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருஷம் நீ செத்த சேதி கிள்ளானிலிருந்து வந்தபோதும், “அந்த ஆள் போயிட்டாரா?” என்று கேட்டுவிட்டுக் கிழங்கு உரிக்க உட்கார்ந்துவிட்டேன். இப்போது மட்டும் என்ன ஆசை பொத்துக்கொண்டு வருகிறது என்று நீ கேட்பாய். சொல்கிறேன். ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னால்தான் உனக்குப் பிடிக்கும்.

ஜப்பான்காரன் போய்விட்டான். வெள்ளைக்காரன் திரும்பி வந்துவிட்டான். போன செவ்வாய்க்கிழமை நம் பிரிக்ஃபீல்ட்ஸ் கூலி லயத்து வீடுகளுக்கு அரிசிக் கார்டு எழுத ஒரு கிராணி வந்தார். கையில் தாள், காதில் பென்சில். “வீட்டுல எத்தனை பேரு? வயசு என்ன? பெரிய ஆளுக்குப் பெரிய பங்கு, சின்னப் பிள்ளைக்குச் சின்னப் பங்கு” என்றார். அவ்வளவுதான், லயமே பெருத்துவிட்டது. மூன்றாம் வீட்டுக்காரர் செத்துப்போன மாமியாருக்கும் சேர்த்து அரிசி கேட்டார்.

நான் வாசலில் நின்று ஒவ்வொரு பதிலையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் தாளும் பென்சிலுமாக யார் வந்தாலும் எனக்குப் பயம்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இருக்கட்டும், அரண்டது நான்தானே?

பக்கத்து வீட்டு முனியம்மா அக்காவின் முறை வந்தது. “மகன் கோபாலுங்க. பத்தொன்பது வயசு. பெரிய ஆளு பங்கு போடுங்க ஐயா, மீசையப் பாருங்க” என்றார். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷத்துக்கு முன் நீ வந்து கேட்டபோது இதே அக்கா, இதே மகனுக்குப் பதின்மூன்று வயசு என்று சொன்னதை என் வாசலில் நின்றபடி நானே கேட்டிருக்கிறேன்.

கிராணி அந்தப் பக்கம் போனதும் பிடித்துக்கொண்டேன். “ஏங்க்கா, ரெண்டு வருஷத்துல ஆறு வயசு ஏறுமா? உங்க மகனுக்கு மட்டும் வருஷத்துக்கு மூணு பொங்கலா?”

நான் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

அண்ணா, அவர் சொன்னதை எழுதுமுன் நான் உன்மேல் வைத்திருந்த வழக்கைச் சொல்லிவிடுகிறேன். நீ கேட்க வேண்டும். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியது.

ஜப்பான் சண்டைக்கு முன்னால் நீ இந்த லயத்துக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் நோட்டோடு வருவாய். ரயில்வே ஆபீஸ் கிராணியான நீ, வெள்ளைச் சட்டையோடு, ரோடு போடுகிற கூலிகள் வீட்டு வாசலில் குந்தி உட்கார்ந்து கதை கேட்பாய். எந்த ஊரிலிருந்து வந்தாய், வயசென்ன, என்ன வேலை, பெண்டாட்டியிடம் எப்படிப் பேசுவாய், மலாய்க்காரனிடம் எப்படிப் பேசுவாய். பிள்ளைகள் “பாசார் போயி சாயூர் வாங்கிட்டு வரேன்” என்று சொன்னால் உனக்கு லாட்டரி விழுந்த மாதிரி முகம். சந்தை என்றும் கீரை என்றும் தமிழில் சொல்லத் தெரியாத பிள்ளைகள் என்று வாத்தியார் திட்டுவார். நீயோ, “ஒடைஞ்ச பேச்சுன்னு ஒண்ணும் கெடையாது சரசு. இதுக்கும் ஒழுங்கு இருக்கு. நாமதான் இன்னும் பாக்கல” என்பாய். இதை ஒரு நாள் புத்தகமாக எழுதி, சீமையில் இருக்கிற பெரிய படிப்பாளிகளைப் படிக்க வைக்கப் போவதாகச் சொல்வாய்.

இந்தப் பைத்தியம் உனக்கு ஆப்பிரிக்காவில் பிடித்தது. மொம்பாசா ரயிலில் வேலை பார்த்த ஆறு வருஷமும் துறைமுகத்து மூட்டைக்காரர்களிடம் சுவாஹிலி பாஷையைக் கேட்டுக் கேட்டு எழுதினாயே, அந்தத் தடிச்ச நோட்டு. முதல் ஆறு மாசத்து எழுத்தையெல்லாம் கிழித்துப் போட்டதாக நீயே சிரித்துக்கொண்டு சொல்வாய். “இப்படிச் சொல்லலாமான்னு கேட்டேன். ‘ந்தியோ’ன்னான். அப்படிச் சொல்லலாமான்னேன். அதுக்கும் ‘ந்தியோ’. ஆமாம்னு அர்த்தம். கிராணி கேட்டா மரியாதைக்குத் தலையாட்டுறான். நான் கேட்ட கேள்வியிலயே பதிலை வெச்சுக் கொடுத்துட்டேன், அதையே திருப்பிக் கொடுத்தான்!” அன்றிலிருந்து பதிலை மட்டும் எழுதாமல் நீ கேட்ட கேள்வியையும் சேர்த்து எழுத ஆரம்பித்தாய். பதில் தப்பாக வந்தால் சொன்னவன் மேல் குற்றமில்லை, கேட்டவன் மேல் என்பாய். இதை எத்தனை தடவை கேட்டுக் கொட்டாவி விட்டிருக்கிறேன்!

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். ரோடு வேலை நின்றது. என் வீட்டுக்காரர் லயத்துக்குப் பின்னால் மரவள்ளி போட்டார். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் குசுகுசுப்பு. குழாயடியில் யார் பேசினாலும் பக்கத்தில் நிற்பவள் யாரென்று பார்த்துப் பேசுகிற காலம். அப்போதுதான் ஒரு காலையில் நீ மறுபடி நோட்டோடு வந்தாய். கூட ஒரு தொப்பிக்காரர். தமிழர்தான், ஆனால் ஆள் பிடிக்கிற ஆபீஸ் ஆள். நீ கேட்கக் கேட்க அவர் தாளில் எழுதிக்கொண்டே வந்தார்.

பதினைந்து நாளில் லோரி வந்தது. கங்காணி அந்தத் தாளைப் பார்த்துப் படித்தான். “ஏழாம் வீடு. மாணிக்கம். வயசு முப்பத்திரண்டு. நோய் எதுவும் இல்ல. வா.” பத்து வீட்டு லயத்தில் என் ஒருத்தி புருஷனை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மண்வெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, “கெழங்குக்கு மண்ணு அணைச்சு விடு, வந்துருவேன்” என்றார். வரவில்லை. போன மாசம் சயாமிலிருந்து திரும்பிய ஒருவர், ஆற்றங்கரையில் அவரைப் புதைத்த குழியில் தானும் மண் தள்ளியதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் என்ன நினைப்பேன், நீயே சொல். கூலிக்காரனுக்கு என்னைக் கட்டிக் கொடுக்க மாட்டேன் என்று நீ குதித்தது ஊருக்கே தெரியும். கல்யாணம் முடிந்து முதல் இரண்டு வருஷம் எங்கள் வாசலை மிதிக்காதவன் நீ. பழைய வஞ்சத்தைத் தீர்த்துவிட்டாய் என்றே முடிவு கட்டினேன். வேலியே பயிரை மேய்ந்தது என்று லயம் முழுக்க உன்னைக் காறித் துப்பியது. நானும் சேர்ந்து துப்பினேன். கிள்ளான் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் கிடந்து, தங்கச்சியைப் பார்க்க வேண்டும் என்று நீ ஆள் அனுப்பினாய். “பட்டியல் போட்ட கையைப் பாக்க நான் வரமாட்டேன்” என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஆள் அதை உன்னிடம் அப்படியே சொன்னாரா அண்ணா? கொஞ்சம் மாற்றியாவது சொல்லியிருக்க மாட்டாரா?

சரி. கதவைச் சாத்திவிட்டு முனியம்மா அக்கா சொன்னதற்கு வருகிறேன்.

“ஒங்கண்ணன் எங்கிட்ட, மகனுக்கு என்ன வயசுன்னு கேக்கல தாயி. ‘சின்னப் பையன்தானே, பதிமூணு இருக்குமா?’ன்னு கேட்டாரு. மொத தடவ வந்தப்ப பதினஞ்சுன்னு அவரே எழுதுனவரு. மறந்துபோற ஆளா அவரு? கண்ணப் பாத்தேன், புடிச்சுக்கிட்டேன். ஆமாங்க, பதிமூணுன்னேன். லோரி வந்தன்னிக்கு அவனுக்கு அரக்கால் சட்டைய மாட்டி உக்கார வெச்சேன்.”

“இத ஏன் இத்தன நாளா சொல்லல? ஊரே அவரத் திட்டுச்சே!”

“வாயத் தொறந்தா என் மகன் வயசு வெளிய வந்துருமே. ஒன் புருஷனக் கொண்டுபோயிட்டாங்க, எம் மகன் வீட்டுல இருக்கான். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஒங்கிட்ட சொல்லுவேன்?” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. நேராக வீட்டுக்குப் போய்க் கட்டிலுக்கடியிலிருந்த உன் பெட்டியை இழுத்தேன். நீ இருந்த வீட்டுக்காரர்கள் அனுப்பி வைத்த பெட்டி. இதுவரை அதன்மேல் கிழங்குக் கூடையைத்தான் வைத்திருந்தேன்.

லயத்து நோட்டில் அட்டை மட்டும் இருந்தது, உள்ளே ஒரு தாள் இல்லை. மொம்பாசா நோட்டைப் புரட்டினேன். பக்கம் பக்கமாகச் சுவாஹிலி. எவன் எடுத்தாலும் நாலு பக்கத்தில் மூடி வைத்துவிடுவான். நான் மூடவில்லை. கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் தமிழ் இருந்தது.

‘லயத்து நோட்டு இருப்பது ஆபீசுக்குத் தெரிந்துவிட்டது. கறையான் தின்றுவிட்டது என்றேன். மறுபடி போய்க் கேள் என்கிறார்கள், கூட ஆள் வரும். நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன். கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும்.’

உன் புத்தகத்தையா அண்ணா அடுப்பில் போட்டாய்?

அதன் கீழே பத்து வீடும் இருந்தன, கேள்வியும் பதிலுமாக. ஒன்றாம் வீடு: ‘தம்பி சண்டைக்கு முன்னாலேயே இந்தியாவுக்குப் போய்விட்டான், இல்லையா?’ ‘ஆமாங்க, போயிட்டான்.’ நாலாம் வீடு: ‘கால் இன்னும் ஊன்ற முடியவில்லையா?’ ‘எங்கங்க, தவழுறாரு.’ உன்னை ஒற்றன் என்று சந்தேகப்பட்டவர்கள் அத்தனை பேரும் நீ கொடுத்த பொய்யைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள், அக்காவைப் போலவே வெளியே மூச்சு விடவில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னதாக ஒரு சரி போட்டிருந்தாய்.

ஏழாம் வீடு. படிக்கும்போதே அந்தக் காலைப்பொழுது எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. ‘மாப்பிள்ளைக்குக் காசம் முற்றி ரத்தம் துப்புகிறாராமே?’ ‘யார் சொன்னது? பொறாம புடிச்ச வாயி. மூட்டை தூக்குற ஒடம்பு அது.’ ‘அவர் இப்போது இங்கே இல்லைதானே? கிள்ளானில்தானே இருக்கிறார்?’ ‘இதோ பின்னால கெழங்கு கொத்துறாரு. கூப்பிடவா?’ ‘யோசித்துச் சொல், சரசு.’ ‘இதுல யோசிக்க என்ன இருக்கு? எம் புருஷன நாலு பேரு முன்னால நோயாளின்னு சொல்லிக் காட்டணும் ஒனக்கு, அதான!’

கத்தியே விட்டேன். அந்தச் சத்தத்தில் அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று, தொப்பிக்காரருக்கு வணக்கம் வேறு சொன்னார். உன் வேட்டி நுனியைக் கையில் முறுக்கிக்கொண்டு நீ நின்றாய். கூனிக் குறுகட்டும் என்று நினைத்தேன்.

அண்ணா, லயத்தில் ஒருத்தரும் உன்னை நம்பவில்லை, பிழைத்துக்கொண்டார்கள். நானோ என் அண்ணன் என்ற உரிமையில் உன்மேல் கோபப்பட்டேன். மாப்பிள்ளையை மட்டம் தட்ட வந்திருக்கிறாய் என்று சந்தேகப்பட்டேனே தவிர, காப்பாற்ற வந்திருக்கிறாய் என்று ஒரு நொடியாவது தோன்றியதா?

உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். முந்தின நாளே ஓடி வந்து என் காதில் ஒரு சொல் போட்டிருக்கக் கூடாதா? முடியாதபடி அந்தத் தொப்பிக்காரர் உன்னை நிழலாகத் தொடர்ந்தாரா? நோட்டு இருப்பதை ஆபீசில் போய்ச் சொன்னது யார்? தினமும் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். சில சமயம் எனக்கு என் முகமே நினைவுக்கு வருகிறது. “எங்கண்ணன் இந்த லயத்துல ஒரு ஆளு விடாம எழுதி வெச்சிருக்காரு தெரியுமா?” என்று குழாயடியில் பீற்றிக்கொண்டவள் நான்தானே? அன்றைக்கு யார் யார் குடத்தோடு நின்றார்கள் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

ஏழாம் வீட்டுக்குப் பக்கத்தில் நீ சரி போடவில்லை. தப்பும் போடவில்லை. இரண்டு வரி எழுதியிருந்தாய். ‘சரசு மேல் குற்றமில்லை. கேள்வி சரியில்லை.’

அதைப் படித்த பிறகுதான் அழுதேன். முனியம்மா அக்கா பயந்து ஓடி வந்துவிட்டார்.

தை பிறந்ததும் கிள்ளானுக்கு வருகிறேன், உன்னைப் புதைத்த இடத்துக்கு. அக்காவும் கோபாலும் கூட வருகிறார்கள். அதற்கு முன் குழாயடியில், எல்லாரும் குடத்தோடு நிற்கிற நேரம் பார்த்து, பத்து வீட்டுக் கேள்வியையும் பதிலையும் உரக்கப் படிக்கப் போகிறேன். உன்னைத் திட்டிய வாய் எல்லாம் கேட்கட்டும். மொம்பாசா நோட்டை யார் வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன். கேட்பவன் எப்படிக் கேட்கிறான் என்று முதலில் பார்ப்பேன்.

இன்று காலை அந்தக் கடைசிப் பக்கத்தில் நானும் ஒன்று எழுதினேன். நீ முதலில் கேட்ட கேள்விக்குக் கீழே, என் பழைய பதிலை அடித்துவிட்டு எழுதினேன்.

‘ஆமாண்ணே. ரத்தம் ரத்தமாத் துப்புறாரு. இன்னிக்கோ நாளைக்கோன்னு கெடக்குறாரு. எழுதிக்கோ.’

உன் கூடப் பிறந்தவள்,
ஏழாம் வீட்டுச் சரசு