ஆள் இல்லை என்று காட்டுகிறது

நாள் 61, 08:10
நிலவு, பனிச் சுரங்கம் எண் நான்கு. எழுதுவது மரிய சுகந்தி, கணினிப் பராமரிப்பு, ஒப்பந்த ஊழியர். நான் மேலே கட்டுப்பாட்டு அறையில். நூறு மீட்டர் கீழே துளைப்பு அறையில் எசக்கியப்பன். வேறு யாரும் இல்லை. காற்று சீர். கணினி மட்டும் மெதுவாக இருக்கிறது. கீழறைக் காற்று வால்வு உத்தரவு கொடுத்து நான்கு நொடி கழித்துத்தான் திறக்கிறது.

நாள் 62, 09:30
காரணம் வருகைப் பதிவுச் செயலி. நினைவகத்தில் முக்கால் பங்கை அது ஒன்றே தின்கிறது. எங்கள் தப்பும் உண்டு. பதினாறு மணி நேர ஷிப்ட். கேமரா முன்னால் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை ஒட்டிவிட்டு முறை வைத்துத் தூங்கினோம். நிறுவனம் கண்டுபிடித்தது. ஷிப்டைக் குறைக்கவில்லை, செயலியை வீங்க வைத்தது. இப்போது அது கண் சிமிட்டலை எண்ணுகிறது, தோல் சூட்டை அளக்கிறது, நாடி பார்க்கிறது. எட்டு வருடப் பழைய கணினியில்.

09:50
சென்னை உதவி மையம், பிரசன்னா: "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா மேடம்?"
நான்: "பண்ணா காத்து நின்னுடும் சார்."
"அப்ப தேவையில்லாத ஆப்பையெல்லாம் மூடுங்க."
"தேவையில்லாதது உங்க ஆப்புதான்."
"அது கட்டாயம் மேடம்."

நாள் 64, 10:05
வால்வு திறக்க நான்கு நிமிடம். எசக்கி அண்ணன் கீழிருந்து: "ஏ பிள்ள, ஒன் கம்ப்யூட்டரு பல்லு வெளக்கிட்டு வாரதுக்குள்ள நான் போயிச் சேந்துருவேன் போல." சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அவரை மேலே ஏற்ற முடியாது. மின்தூக்கியும் இதே கணினியில் ஓடுகிறது, பாதியில் நின்றுவிடும். விண்ணுடுப்புகளின் காற்று உருளைகள் இரண்டு நாளாக நிரம்பவில்லை.

10:20
செயலியை மூடினேன். இருபது நொடியில் தானே திறந்துகொண்டது. மூடினேன். திறந்தது.

10:31
"தாயி, கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

10:32
செயலியை அடியோடு அழித்தேன்.

10:33
வால்வு திறந்தது. உடனே. "என்ன பிள்ள செஞ்ச? இப்பதான் மூச்சு மூச்சா வருது." மின்தூக்கியைக் கீழே அனுப்புகிறேன்.

10:40
திரையில்: நிலையத்தில் ஆட்கள் பூஜ்யம். காலி நிலையச் சிக்கன நடைமுறை தொடங்கியது. காற்று வால்வுகள் 11:20க்கு மூடப்படும், பிறகு கணினி அணைக்கப்படும்.
உத்தரவு பூமியிலிருந்து வருகிறது. இங்கிருந்து தடுக்க வழி இல்லை.

10:44
பிரசன்னா: "மேடம், அங்க ஆள் இல்லன்னு சிஸ்டம் காட்டுது."
நான்: "அப்ப நீங்க யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?"
"புரியுது மேடம். ஆனா வருகை பதிவாகல. ஆப்பைத் திரும்ப இன்ஸ்டால் பண்ணிட்டு முகத்தைக் காட்டுங்க."

10:58
செயலியைப் பூமியிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கிறேன். மீதி நேரம் ஐந்து மணி நேரம், பத்து நிமிடம்.

11:09
பிரசன்னா: "ரத்து பண்ண மேலாளர் கையெழுத்து வேணும் மேடம். அவர் மீட்டிங்ல இருக்கார். ஊழியர் நலன் மீட்டிங். குறுக்க போக முடியாது."
கெட்ட வார்த்தை சொன்னேன். உரையாடல் தரத்துக்காகப் பதிவு செய்யப்படுகிறது என்றான்.

11:17
எசக்கி அண்ணன் மேலே வந்து அரை மணி ஆகிறது. கேமரா முன்னால் நின்று கத்துகிறார்: "ஏலே, முழுசா ஒரு மனுசன் நிக்கேன், தெரியலையால?" கேமரா விளக்கு எரியவில்லை.
இதைக் கண்டெடுப்பவருக்கு: இரண்டு பேர் இருந்தோம். மரிய சுகந்தி, வயது இருபத்தாறு. எசக்கியப்பன், நாற்பத்தொன்று. போட்டோ ஒட்டித் தூங்கினோம், உண்மை. ஆனால் இருந்தோம்.

11:20
வால்வுகள் மூடிக்கொண்டன. எல்லாம் ஒரே நேரத்தில், உத்தரவு வந்த அதே நொடியில். இந்தக் கணினி இவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததே