பாலத்தால் போன கிலோமீற்றர்கள்

நானா,

இன்று காலை எங்கள் கந்தோர் முற்றத்தில் இரண்டு மின்சார வான்கள் வந்து நின்றன. வந்த சத்தமே கேட்கவில்லை. வாசலில் படுத்துக்கிடக்கும் நாய்கூடத் தலையைத் தூக்கவில்லை. நீங்கள் பிக்கப்பை உள்ளே திருப்பினால் அது மதிலடிக்கு ஓடுமே, நினைவிருக்கிறதா? எல்லோரும் கீழே இறங்கிப்போய் வானைச் சுற்றி நின்று படம் பிடித்தார்கள். நான் மாடியில் என் கதிரையிலேயே இருந்து, நீங்கள் அன்றன்று ஓட்டிய தூரத்தை எழுதிய பழைய ரன்னிங் சாட் புத்தகத்தை விரித்து மூக்கருகே வைத்துக்கொண்டிருந்தேன். யாராவது கண்டிருந்தால் இவவுக்கு விசர் பிடித்துவிட்டது என்றிருப்பார்கள். அந்தத் தாளில் இன்னும் டீசல் மணக்கிறது.

இந்த வான்கள் வந்தது உங்களால்தான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்கள் இருக்கும்போது சொல்லாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது.

என் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த தூர அட்டவணை உங்களுக்குத் தெரியாததல்ல. கிண்ணியாத் துறையில் வாகனங்களை மிதவையில் ஏற்றி இறக்கிய காலத்தில் தட்டச்சு செய்தது. மிதவையை நம்ப முடியாதென்று, மூதூருக்குக் கந்தளாயால் சுற்றிப்போகும் தூரத்தை அதில் போட்டிருந்தார்கள். பிறகு பாலங்கள் வந்தன. எல்லோரும் பாலத்தால் போனார்கள். எழுதும்போது மட்டும் கந்தளாயால் போனார்கள். பாதி வாகனங்களில் மீற்றர் ஓடாது. சாரதிமார் அட்டவணையைப் பார்த்து எழுதுவார்கள், நான் அதே அட்டவணையைப் பார்த்துச் சரி போடுவேன். எழுதிய தூரத்துக்குத்தான் கந்தோர் டீசல் கொடுக்கும்; மிச்சமானது எங்கே போனதென்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நீங்கள் ஒருவர்தான் மீற்றர் கேபிள் அறுந்தால் ஒரு சனிக்கிழமையைச் செலவழித்து உங்கள் கையாலேயே மாற்றுவீர்கள். அதனால் உங்கள் புத்தகத்தில் மட்டும் மூதூர் கிட்டத்தில் இருந்தது.

நான் வாகனப் பிரிவுக்கு வந்த புதிது. உங்கள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தேன்.

"ஏன் நானா, எல்லாருக்கும் ஒரே தூரம் வருது, உங்களுக்கு மட்டும் குறையுது?"

நீங்கள் பிக்கப்பின் மூடியைத் திறந்து தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தலையை நிமிர்த்தவில்லை.

"மீற்றர் இரிக்கி மிஸ், கண்ணும் இரிக்கி. பார்த்து எழுதுறன்."

எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. மேலே போய், மூதூர்வரை போகாமலே போனதாக எழுதினீர்களா என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம் அடித்து, கந்தோரில் இருந்த உங்கள் பணிக் கோவையிலும் ஒரு பிரதி போட்டேன். என்ன வேலை செய்தேன்! கந்தோரில் உண்மை எழுதிய ஒரே மனிதரிடம், பொய் எழுதினீர்களா என்று கேட்டேன். நீங்கள் ஒரே வரியில் பதில் தந்தீர்கள்: மிஸ் ஒருநாள் என்னோடு வந்து பார்க்கலாம்.

வந்தேன். முன் சீற்றில் இருத்தி, புறப்படும்போதும் மூதூரில் இறங்கும்போதும் மீற்றரைச் சத்தமாக வாசிக்கச் சொன்னீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாசித்தேன். கிண்ணியாப் பாலத்தில் வேகத்தைக் குறைத்து, கீழே தோணியில் நின்ற ஒருவருக்குக் கை காட்டினீர்கள். உங்கள் மச்சானாம். உங்கள் வீட்டில் நிறுத்தி எனக்கு இஞ்சித் தேத்தண்ணி போடுவித்துத் தந்தீர்கள். வீட்டுக்குத் திரும்பிய அந்தச் சிறு தூரத்தையும் புத்தகத்தில் எழுதினீர்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

திரும்பும்போது சொன்னேன்: "நீங்கள் எழுதினது சரி நானா. ஆனா அட்டவணையை மாத்த எனக்கு ஏலாது. மேல கேள்வி வரும், மற்ற ட்ரைவர்மாரும் சண்டைக்கு வருவினம்."

"ஓம் மிஸ், உங்களுக்கு ஏலாதான். நீங்க மாத்தாம இரிங்க. நான் எழுதுறத எழுதுறன்."

அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தக் கதையை நீங்கள் எடுக்கவில்லை. என் கடிதம் உங்கள் கோவையில் அப்படியே கிடந்தது. எடுப்பேன் எடுப்பேன் என்று நாளைக் கடத்தினேன். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் எழும்பவில்லை என்று செய்தி வந்தது. கிண்ணியாவில் உங்கள் வீட்டுப் படலைக்கு வெளியே நின்று அழுதேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் போய்விட்டார் என்ற அழுகையும் அதில் இருந்தது.

போன வருடம் எங்கள் பழைய பிக்கப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிட்டன. வெளிக்கள உத்தியோகத்தர்கள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு மூதூர் போனார்கள். அரசாங்கம் இனி மின்சார வாகனம்தான் வாங்கித் தரும் என்றார்கள். கொழும்பிலிருந்து கொள்முதல் அதிகாரி ஒருவர் வந்தார். எங்கள் ரன்னிங் சாட்டுகளைப் பார்த்தார், கோவையை மூடினார். ஒருமுறை சார்ஜ் செய்து இவ்வளவு தூரம் போய்வர முடியாது, உங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியதுதான் என்றார். எடுத்தால் இனி எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அந்தத் தூரங்களின் கீழெல்லாம் இருந்தது என் கையெழுத்து. பேசாமல் இருந்தால் வாகனம் கிடைக்காமல் போகும். பேசினால் என் வேலைக்கே ஆபத்து. அப்போது உங்களை நினைத்தேன் நானா. எழும்பி, "அந்தக் கிலோமீற்றர் பிழை. பிழையென்று தெரிந்துதான் கையெழுத்து வைத்தேன்" என்றேன். களஞ்சிய அறை அலுமாரியிலிருந்து உங்கள் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் நெடுநேரம் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தினார். அன்று தூரம் கூடியிருந்தது. பக்கத்தில் உங்கள் குண்டுக் கையெழுத்தில், 'வெள்ளம். கந்தளாயால் போனது.' வேறொரு பக்கத்தில், 'மிஸ்ஸுக்கு தேத்தண்ணி. வீட்டுக்குத் திரும்பியது.' அந்த மனிதர் சிரித்துவிட்டார். இந்தச் சாரதியை நம்பலாம் என்றார். வெள்ள நாட்களுக்காக மூதூர்க் கிளையிலும் ஒரு சார்ஜ் பெட்டி வேண்டுமென்று தானே எழுதிச் சேர்த்தார். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஒரு வருடச் சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள்; வேலை தப்பியது. அன்றே சுவரிலிருந்த அட்டவணையைக் கிழித்தேன். பசை காய்ந்து சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது.

இன்று உங்கள் கோவையைப் பதிவறையிலிருந்து எடுப்பித்தேன். நான் அனுப்பிய கடிதத்தைக் கிழிக்கவில்லை. அதன் மேல் ஒரு தாள் வைத்து எழுதினேன்: 'சாரதி எழுதிய தூரம் சரி. பிழை என்னுடையது.' திகதி போட்டு, ஒப்பம் வைத்து, முத்திரையும் குத்தினேன். வாசிக்க நீங்கள் இல்லை. இருந்தாலும் அது அங்கே இருக்கட்டும்.

பின்னேரம் வான் மூதூருக்குப் போய்வந்தது. ஓட்டியவர் உங்களோடு கூட வேலை செய்தவர்தான். ரன்னிங் சாட்டைக் கொண்டுவந்து நீட்டினார். பார்த்தால், பழக்கதோஷத்தில் மனிதர் கந்தளாய்த் தூரத்தை எழுதியிருக்கிறார்! புத்தம்புது வான், மீற்றர் பளபளவென்று எரிகிறது.

நான் பேனையை மூடினேன். அவரையும் கூட்டிக்கொண்டு படி இறங்கி, வான் கதவைத் திறந்தேன்.

"மீற்றர் இரிக்கி, கண்ணும் இரிக்கி" என்றேன்.

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "இது நானாட கதையெல்லோ, மிஸ்."

"ஓம்," என்றேன். "வாசியுங்கோ. சத்தமா."