ஃப்ளோரிடா போன தாத்தா

ரோல்ஃப்,

கார் சாவியைத் தேடி வீட்டைத் தலைகீழாப் புரட்டாதே. உன் மகள் லின்னியாதான் ஒளிச்சு வெச்சிருக்கா.

உங்கப்பா ஜனவரியில செத்தப்போ, "தாத்தா எப்பவும்போல குளிருக்குப் பயந்து ஃப்ளோரிடா போயிருக்கார், பனி உருகினதும் வந்துடுவார்"னு சொன்ன மகா புத்திசாலி நீ. இப்ப ஏரியில உறைஞ்ச பனியே உருகிடுச்சு. தாத்தாவையும் காணோம், ஒரு போனும் வரல. நாளைக்கு நீயும் ஆபீஸ் வேலையா அங்கேயே போறேங்கிற. அவ வேற என்ன செய்வா?

"அவர் எங்கப்பா, நானே பக்குவமா சொல்லிக்கறேன்"னு என் வாயை அடைச்ச. நல்லா சொன்ன போ.

நவம்பர்ல நீ சுட்ட மான் கராஜ்ல தொங்கினப்போ, இது ஏன் அசையலைன்னு கேட்டா. "செத்துடுச்சுடா கண்ணு. இனி மூச்சு விடாது, வலிக்காது, திரும்பியும் வராது"ன்னு பக்கத்துல உக்காந்து சொன்ன. அவளும் தலையாட்டிட்டு சாப்பிடப் போனா. மானுக்குக் குடுத்த மரியாதையை உங்கப்பாவுக்குக் குடுக்க உனக்கு நாக்கு எழல. பெரிய வேட்டைக்காரன்!

நான் டியூட்டிக்குக் கிளம்பறேன். ஃபிரிட்ஜ்ல உருளைக்கிழங்கு கேசரோல் இருக்கு, சுட வெச்சுக் குடு. அவ சாப்பிட்டதும் சொல்லு. தூங்கறார், சாமிகிட்ட இருக்கார்னு இன்னொரு ஊருக்கு அனுப்பித் தொலைக்காதே. மானைப் பத்திச் சொன்னதையே சொல்லு.

— கேரன்

பி.கு.: சாவி உங்கப்பாவோட பனி பூட்ஸுக்குள்ள இருக்கு. நீயா எடுக்காதே. அவளே எடுத்துக் குடுக்கணும்.

இன்னொண்ணு. சொல்லும்போது அழுகை வந்தா அழுதுடு. மானுக்கு யாரும் அழல. வித்தியாசம் அவளுக்குப் புரியும்.